எத்தனை சொட்டு, எந்தப் பக்கம்: விமானக் கோளாறை எழுதும் முறை

பந்திங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் எந்த வரிசையில் நுழைந்தாலும் கேஎல்ஐஏவுக்கு, அதாவது கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு, வேலைக்குப் போகிற ஒருவர் இருப்பார். ஒருவன் பெட்டி ஏற்றுகிறான். ஒருத்தி விமானப் பணிப்பெண். இன்னொருவன் ஹேங்கரில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இவர்களுடைய தாத்தா பாட்டிகள் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றவர்கள். சாயங்காலம் கடைத்தெருவில் தே தாரிக்கோடு உட்கார்ந்தேன் என்றால் யாராவது கைப்பேசியை நீட்டிவிடுவார்கள். "அண்ணே, இத பாருங்க, இது லீக்கா?" படத்தில் ஒரு சக்கரம், கீழே தரையில் ஒரு கறை. எந்த விமானம், எந்தப் பக்கம், எப்போது எடுத்தது, ஒன்றும் இருக்காது.

முப்பது வருடத்துக்கு மேல் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய விமான நிலையமான சுபாங்கில் ஆரம்பித்து, 1998 ஜூனில் கேஎல்ஐஏ திறந்தபோது பெட்டி படுக்கையோடு இந்தப் பக்கம் வந்தவர்களில் ஒருவன். என்னிடம் இருந்தது பி1 லைசென்ஸ். எஞ்சின், ஹைட்ராலிக், சக்கரக்கால் என்று இயந்திரப் பக்கம் எல்லாம் அதில் வரும். பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆள் உண்டு, புத்தகம் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. பழுதை எழுதுவதற்குத்தான் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. தம்பிகளிடம் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

என் அப்பா தோட்டத்துச் செம்பனை ஆலையில் ஃபிட்டர். இரவு ஷிப்ட் ஆட்கள் காலையில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவார்கள்: "ரெண்டாம் நம்பர் பம்ப் சரியில்லை." அப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறும். "சரியில்லைன்னா என்னடா? சத்தம் போடுதா, சூடாவுதா, ஒழுவுதா? எம் பொண்டாட்டிகூட என்னையச் சரியில்லைன்னுதான் சொல்றா." விமானத்தின் கோளாறுப் பதிவேடான டெக் லாக்கிலும் இதே சீட்டுதான் வந்துகொண்டிருக்கிறது. மொழிதான் ஆங்கிலம்.

முதல் விஷயம் இதுதான். நோயின் பெயரை எழுதாதே, நீ கண்டதை எழுது. "பம்ப் போயிருச்சு" என்பது உன் ஊகம். "பறக்கும்போது ஹைட்ராலிக் பி சிஸ்டம் அழுத்தம் 3000லிருந்து 2200க்கு இறங்கி, நாற்பது வினாடியில் தானாக ஏறியது; எச்சரிக்கை விளக்கு எரியவில்லை" என்பதுதான் நீ பார்த்தது. ஊகத்தை எழுதினால் அடுத்து வருபவன் நேராகப் பம்பை மாற்றுவான். தப்பு அழுத்தமானியில் இருந்திருந்தால் புதுப் பம்போடு பழைய கோளாறு மறுபடி பறக்கும்.

சொட்டு எண்ணுவது

ஒழுகலைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், எனவே அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் நிறம். பெரிய பயணிகள் விமானங்களில் ஹைட்ராலிக் எண்ணெய் பெரும்பாலும் ஊதா நிறம். நாங்கள் ஸ்கைட்ரால் என்போம். கையில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் அன்றைய பொழுது போச்சு. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கீழே குனியாதே. சக்கரக்காலில் அதிர்வைத் தாங்கும் ஸ்டிரட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பல விமானங்களில் சிவப்பு. நீலமாகச் சொட்டினால் அது கழிப்பறைத் தண்ணீர். முகர்ந்து பார்க்கத் தேவையில்லை. நிறமே இல்லாமல், மண்ணெண்ணெய் வாடையோடு இருந்தால் எரிபொருள். ஏர்கண்டிஷன் பக்கம் வாடையில்லாமல் சொட்டுவது நம் ஊர்ப் புழுக்கத்தில் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். கறை காய்ந்து நிறம் தெரியவில்லையா? வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்.

அடுத்து அளவு. எத்தனை சொட்டு வரை போகலாம் என்று பராமரிப்பு நூலில் பாகத்துக்குப் பாகம் தனி வரம்பு உண்டு. ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்ற கணக்கு. ஆகையால் "லீக் இருக்கு" என்பதால் யாருக்கும் பயன் இல்லை. படம் எடு. பிறகு துடைத்துக் காய விடு. சிஸ்டத்துக்கு அழுத்தம் ஏற்று. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணு. அம்மா தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்தில், வெட்டிய கோட்டில் பால் வழிந்து கோப்பையில் சொட்டுகிற வேகத்தைப் பார்த்தே அந்த மரம் இன்று எவ்வளவு தரும் என்று சொல்லிவிடுவார். கடிகாரம் வேண்டியதில்லை அவருக்கு. நமக்கு வேண்டும், ஏனென்றால் அடுத்த ஷிப்டுக்கு எண்ணிக்கையைக் கொடுக்கலாம், கண்ணைக் கழற்றிக் கொடுக்க முடியாது.

அழுத்தம் ஏற்று என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம். வலது சக்கரக்கால் அருகே ஊதாக் கறை. நல்ல பிள்ளையாகத் துடைத்தேன். பத்து நிமிடம் நின்று பார்த்தேன், ஒரு சொட்டும் விழவில்லை. "சுத்தம் செய்யப்பட்டது, ஒழுகல் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். பெரியவர் அன்று என்னை நம்பிவிட்டார். விமானம் போய் இறங்கிய ஊரில் சக்கரத்தடியில் குளம். சிஸ்டத்தில் அழுத்தமே இல்லாத நேரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், எப்படிச் சொட்டும்? அந்த ஊரில் அன்றிரவு முழுக்கப் பயணிகள் நாற்காலியில் தூங்கினார்கள். என் வரியில் "அழுத்தம் ஏற்றிப் பார்க்கப்பட்டதா" என்ற ஒரு சொல் இருந்திருந்தால், படித்த யாராவது பிடித்திருப்பார்கள். துடைத்ததால் முதல் கறையும் போய்விட்டது. படமும் இல்லை.

எந்தப் பக்கம், எப்போது

விமானத்தின் இடது வலது என்பது மூக்கைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் விமானியின் இடது வலது. வெளியே முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு எல்லாம் தலைகீழ். ஒன்றாம் நம்பர் எஞ்சின் எப்போதும் இடது ஓரத்தில். "வலது எஞ்சின் மூடியில் கீறல்" என்று பையன் சொன்னதை நம்பி, கீறலே இல்லாத எஞ்சினை ஏணி போட்டு அரை மணி நேரம் தடவித் தடவிப் பார்த்த இரவுகள் உண்டு. சந்தேகமா? பக்கத்தோடு எஞ்சின் நம்பரையும் எழுது. கேபினுக்குள் என்றால் இருக்கை வரிசை நம்பர், எழுத்து.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. லாக்கில் பெரும்பாலும் உலகப் பொது நேரம் போடுவோம். நம் நேரம் அதைவிட எட்டு மணி முந்தியது. இங்கே செவ்வாய் காலை ஆறரை என்றால் அங்கே திங்கள் இரவு பத்தரை. நேரத்தை மாற்றிவிட்டுத் தேதியை மாற்ற மறக்கிறவர்கள் ஏராளம். ஒரு நாள் தள்ளிப்போனால் அந்தக் கோளாறு வேறு பயணத்தின் தலையில் விழும், அந்தப் பயணத்து விமானியோ "அப்படி ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்.

நேரத்தைவிட முக்கியம், எந்தக் கட்டத்தில் என்பது. ஏறும்போதா, மேலே சீராகப் போகும்போதா, இறங்கும்போதா, தரையில் ஓடும்போதா? அப்போது வேறு என்ன போட்டிருந்தது, எதை அணைத்ததும் நின்றது?

ஒரு விமானத்தில் பின்பக்கம் கெட்ட வாடை என்று மூன்று முறை கேபின் லாக்கில் ஏறியது. மூன்று முறையும் நாங்கள் போய் முகர்ந்துவிட்டு "தரையில் சோதித்தது, இயல்பு" என்று மூடினோம். நான்காம் முறை எழுதியவள் புதிதாக வந்த ஒரு பெண். அவள் எழுதியது ஏறக்குறைய இது: "27ஆம் வரிசை, இடது பக்கம், சுவரோரம். கருவாட்டு வாடை. கேபின் விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துப் பத்து நிமிடம் கழித்து வருகிறது. மங்கலாக்கினால் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. சாப்பாடு கொடுக்கும்போதும் இறங்கும் முன்பும் இரண்டு தடவை வந்தது." கருவாடு என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்படிப் போடுவது என்று யோசித்து, காய்ந்த மீன் என்று எழுதியிருந்தாள். எனக்கு அந்தச் சொல்லே போதும். சூடேறி உருகும் மின் பிளாஸ்டிக் பல நேரம் மீன் வாடைதான் அடிக்கும். பக்கச் சுவர்ப் பலகையைக் கழற்றினால், குழல்விளக்குக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் பாலஸ்ட் ஒரு ஓரம் பழுப்பாக வெந்திருந்தது. முன்னால் போய் முகர்ந்த நாங்கள் விளக்கைப் போட்டு இரண்டு நிமிடத்தில் இறங்கி வந்தவர்கள். மூக்கு மேல் தப்பில்லை.

வாடையை எழுதும்போது வெட்கப்படாதீர்கள். அழுக்குச் சாக்ஸ் மாதிரி என்றால் எஞ்சின் எண்ணெய் ஏர்கண்டிஷன் காற்றில் கலக்கிறதோ என்று அந்தப் பக்கம் தேடுவோம். மீன் என்றால் மின்சாரம். "கெட்ட வாடை" என்றால் கழிப்பறையில் ஆரம்பிப்போம், அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

எழுதாமல் விட்ட வரி

2018 அக்டோபர் 28 இரவு, பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்கு ஒரு லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ் வந்தது. வழியெல்லாம் கேப்டன் விமானத்தை ஓட்டும் பிடி அதிர்ந்துகொண்டே இருந்தது. விமானம் வேகமிழந்து விழப்போகிறது என்று எச்சரிக்கும் அதிர்வு அது. மூக்கு தானாகக் கீழே இறங்கியதால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் டிரிம்மின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுகளைப் போட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். இறங்கியதும் லாக்கில் எழுதியது: வேகமானியும் உயரமானியும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை, இன்னொரு விளக்கு எரிந்தது. பிடி அதிர்ந்ததும் இல்லை, துண்டித்த சுவிட்சும் இல்லை. மெக்கானிக் எழுதியிருந்ததற்கு உரிய வேலையைச் செய்தார்: காற்றழுத்தக் குழாயைச் சுத்தம் செய்தார், ஒரு இணைப்பைத் துடைத்தார், தரையில் சோதித்தார், மூடினார். மறுநாள் காலை அதே விமானம் கடலில் விழுந்தது. 189 பேர். மூக்கைத் தானாகக் கீழே தள்ளிய எம்காஸ் என்ற மென்பொருளின் வடிவமைப்பு, தவறாக அளவு காட்டிய சென்சார் என்று காரணங்கள் பல. ஆனால் லாக்கில் விடுபட்ட அந்தச் செய்தியையும் இந்தோனேசிய விசாரணைக் குழு தன் அறிக்கையில் எடுத்துப் போட்டது.

விமானிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பத்திரமாக இறங்கிய களைப்பில் "இதுதான் முக்கியம்" என்று மனம் தானே வடிகட்டும். எனவே என் சொந்த வழக்கம்: எழுதி முடித்ததும் "நான் என்ன செய்தேன்?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது. எந்த சுவிட்சைத் தொட்டேன், எந்த சர்க்கிட் பிரேக்கரை இழுத்தேன், எதை அணைத்துப் போட்டேன். கோளாறோடு, அதற்கு நீ கொடுத்த பதிலும் லாக்கில் ஏற வேண்டும்.

திரும்பத் திரும்ப வருவது

2014 டிசம்பரில் ஜாவாக் கடலில் விழுந்த இந்தோனேசிய ஏர்ஏசியா 8501இல், சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் கருவியில் கோளாறு முந்திய 12 மாதங்களில் 23 முறை பதிவாகியிருந்தது. ஒரு மின்னணுப் பலகையில் பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தது. அன்றும் அதே எச்சரிக்கைதான் திரும்பத் திரும்ப வந்தது. அதைச் சமாளிக்கப் போனதில்தான் சங்கிலி ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்.

எனவே உன் வரியை எழுதும் முன் பின்னால் புரட்டு. அதே கோளாறு முன்பு வந்திருந்தால் அந்தப் பதிவின் எண்ணைப் போட்டு "மீண்டும்" என்று எழுது. தேடுவதற்கு, விமானத்தின் பகுதிகளைப் பிரிக்கும் ஏ.டி.ஏ. எண்கள் உதவும்: 21 ஏர்கண்டிஷன், 24 மின்சாரம், 25 கேபின் சாதனம், 27 பறப்புக் கட்டுப்பாடு, 29 ஹைட்ராலிக், 32 சக்கரக்கால், 33 விளக்கு. உலகம் முழுக்க ஒரே வரிசைதான். அந்தக் கருவாட்டு வாடையை ஒருவர் 21இலும் இன்னொருவர் 25இலும் போட்டதால்தான், மூன்றும் ஒரே கோளாறு என்று யார் கண்ணிலும் படவில்லை.

உடனே சரிசெய்யாமல் சில கோளாறுகளோடு பறக்கலாம், எம்.இ.எல். என்ற பட்டியல் அதற்கு அனுமதி கொடுக்கும். பி பிரிவு என்றால் 3 நாள், சி என்றால் 10, டி என்றால் 120. ஏ பிரிவுக்கு அந்தந்த வரியிலேயே கெடு போட்டிருக்கும். எழுதிய நாள் கணக்கில் சேராது. திங்கள் எழுதிய பி பிரிவுக் கோளாறுக்கு வியாழன் நள்ளிரவு வரை உயிர். தள்ளிப்போட அனுமதி இருக்கிறது என்பதற்காக எழுதாமல் விட அனுமதி இருப்பதாக நினைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு ஷிப்ட் போட எனக்குப் பிடிக்காது.

பெட்டி ஏற்றும் தம்பிகளுக்கு

பெட்டியை மேலே ஏற்றும் பெல்ட் லோடர் வண்டி விமானத்தை லேசாக உரசிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பெயின்ட்கூட உரியவில்லை. சொல்லலாமா வேண்டாமா?

சொல். அங்கேயே, விமானம் கதவு மூடும் முன். பழைய அலுமினிய உடல் என்றால் அடி பட்ட இடம் நெளிந்து காட்டிக்கொடுக்கும். 787, ஏ350 மாதிரி விமானங்களின் உடல் கார்பன் இழையில் செய்தது. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், கருவி வைத்துத்தான் பார்க்க முடியும். நீ சொன்னால் தாமதம், திட்டு, விசாரணைத் தாள். எல்லாம் உண்மைதான். நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சொல்லும்போது எந்த வாகனம், விமானத்தின் எந்தக் கதவுக்கு எத்தனை அடி முன்னால் அல்லது பின்னால், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்லு. விரலால் காட்டிவிட்டுப் போய்விடாதே, அந்த இடத்தில் டேப் ஒட்டச் சொல்லு. மெக்கானிக் தம்பிகளுக்கும் இதே கதைதான்: ஸ்பானர் ஒன்று குறைகிறது என்றால் அது கிடைக்கும் வரை விமானம் நகரக்கூடாது.

சகாவைப் பற்றிச் சொல்வதைப் "போட்டுக் கொடுப்பது" என்று நம் ஆட்கள் வைத்திருக்கும் கணக்கு தோட்டத்திலிருந்து வந்தது. வேலை வாங்கும் மண்டோரிடம் சொன்னவன் தொழிலாளர் லயத்தில் வாழ முடியாது. அந்தப் பயம் எனக்குப் புரியும். விமானத்துறை இதற்கென்றே பெயர் மறைத்துச் சொல்லும் வழிகளை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1976லிருந்து நாசா அப்படி ஒன்றை நடத்துகிறது. 10 நாளுக்குள் தானாக எழுதிக் கொடுத்தால், வேண்டுமென்றே செய்த தவறாக இல்லாதவரை, தண்டனையிலிருந்து ஓரளவு காப்பும் உண்டு. உங்கள் கம்பெனியிலும் ரகசிய அறிக்கைப் படிவம் இருக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அது எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நாளில் கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பயணியாகப் போகிறவர்களுக்கு

1988 ஏப்ரலில் ஹவாயில் அலோஹா விமானத்தின் மேற்கூரை 24,000 அடியில் பிய்ந்துபோனது. ஏறும்போதே கதவுக்கு அருகே ஒரு விரிசலை ஒரு பயணி பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார்.

நம் ஊரில் பயணி கேட்டுப் பதறுகிற பாதி விஷயம் ஒன்றும் இல்லாதது. புழுக்கமான நாளில் மேலே காற்றுத் துளையிலிருந்து வெள்ளையாக வருவது பனிமூட்டம், புகை இல்லை. இறக்கையில் வெள்ளி டேப் ஒட்டியிருப்பது அதற்கென்றே உள்ள அலுமினிய டேப். ஆனால் தெரியாததைக் கேட்பதற்குக் காசா? புறப்படும் முன், இருக்கை நம்பரோடு, தாழ்ந்த குரலில் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். படம் எடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்புவதை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசி இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ கூடாது. நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கும். அப்படியே எழுந்து ஆளைக் கூப்பிடுங்கள்.

மேலே போகும் தாள்

லாக்கில் எழுதுவது அந்த விமானத்துக்கு. எஞ்சின் நின்றது, தீ, புகை, கட்டுப்பாடு சிக்கியது, உடலில் விரிசல் போன்ற பெரிய விஷயங்களைக் கம்பெனி அரசு ஆணையத்துக்கும் அனுப்பியாக வேண்டும். நமக்கு அது சிஏஏஎம், பழைய டிசிஏவின் இடத்தில் 2018இல் வந்தது. ஐரோப்பாவில் கெடு 72 மணி நேரம். அமெரிக்காவில் விமான நிறுவனங்களுக்கும் பழுதுபார்க்கும் நிலையங்களுக்கும் 96. அமெரிக்காவில் சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கூட 8010-4 என்ற படிவத்தில் எழுதி அனுப்பலாம், கட்டாயம் இல்லை. அங்கே வந்து சேரும் கோளாறு அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். ஒரு பாகம் அடிக்கடி உடைகிறதா என்று நானே இரவில் உட்கார்ந்து தேடியிருக்கிறேன். இந்தத் தாளில் மட்டும் லாக்கில் வேண்டாத சில விவரங்கள் வேண்டும்: பாகத்தின் எண், வரிசை எண், எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை ஏறி இறங்கியது. கழற்றிய பாகத்தைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு அனுப்பும் முன் அதன் தகட்டைப் படம் எடுத்து வை. அனுப்பிய பிறகு கேட்டால் கிடைக்காது.

எழுதினாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. இன்னும் ஒரு வேலை பாக்கி. அடுத்த ஷிப்ட் வந்ததும் உன் வரிக்கு எதிரே என்ன எழுதி மூடியிருக்கிறார்கள் என்று போய்ப் படி. பாகம் மாற்றியிருந்தால் நல்லது. "தரையில் சோதித்தது, இயல்பு" என்று இருந்தால் அந்தப் பதிவு எண்ணை உன் சின்ன நோட்டில் குறித்துக்கொள். அதே விமானம் நீ வேலை பார்க்கும் நிறுத்துமிடத்துக்குத் திரும்பி வரும் நாளில், விளக்கை முழு வெளிச்சத்தில் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் அங்கேயே உட்கார்.